பன்னிரண்டாவது பெட்டி

— மனிதன் இதுவரை படைத்ததெல்லாம் வைத்துக்கொள்வதற்காக. எறிவதற்கென்றே ஒன்றைப் படைத்து, அதை எறிந்து, எறிந்ததிலிருந்து ஞானம் பெற்ற முதல் அலுவலகம், வரலாற்றிலேயே, நம் அலுவலகம்தான்! இதோ, என் முன்னால் மௌனமாக நிற்கிறதே இந்தப் பெட்டி…

— சார், கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. ஓட்டையை மறைக்கிறீங்க. உள்ளே காத்து வரல.

— ஐயோ! யாரது?

— நான்தான் சார். டெலிபோன்.

— டெலிபோன் அம்மாவா? இன்னும் பெட்டிக்குள்ளயா இருக்கீங்க? சோதனை போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுபோச்சே!

— உள்ளே போகச் சொல்லி எழுத்துல உத்தரவு வந்துச்சு. வெளியே வரச் சொல்லி இன்னும் வரல. இருபத்திரண்டு வருஷம் இந்த ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்தவ சார் நான். யாரும் சொல்லாம லைனை விட்டு எழுந்து பழக்கமில்ல.

— அப்போ என் பேச்சை முழுக்கக் கேட்டுட்டீங்களா?

— மூணு தடவை. ரெண்டாவது தடவைதான் நல்லா இருந்துச்சு. இப்போ 'ஞானம்'னு சொல்லும்போது கையை ரொம்பத் தூக்கிட்டீங்க. ஓட்டை வழியா பார்த்தா பஸ்ஸை நிறுத்துற மாதிரி இருக்கு.

— சரி, சரி. வாரியத் தலைவி பதினோரு மணிக்கு வர்றாங்க. இன்னும் அரை மணி நேரம்தான். அதுக்காகத்தான் ஜனங்களையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வெச்சிருக்கேன். இந்தக் கூடம் இன்னைக்குக் காலியா, கண்ணியமா இருக்கணும். நீங்க முதல்ல வெளியே வாங்க.

— வர்றேன் சார். லைன்லயே இருங்க. தலையணையை எடுக்கணும், ஃப்ளாஸ்க் இருக்கு, டார்ச் இருக்கு, பேசுற புனல் இருக்கு, சின்ன ஃபேன் ஒண்ணு… அம்மாடி! முட்டி பிடிச்சுக்கிச்சு. ஒரு கை குடுங்க.

— பெட்டியை நசுக்காதீங்க! மெதுவா! அந்த மூலை!

— எறியப்போற பெட்டிதானே சார்?

— எறியறதுதான். ஆனா ஒழுங்கா எறியணும். இந்த நுட்பம் உங்களுக்குப் புரியாது, டெலிபோன் அம்மா. குறித்துக்கொள்ளுங்கள். மாதிரி என்பது ஒரு கேள்வி. நிஜப் பொருள் என்பது விடை. விடை கிடைத்தபின் கேள்விக்கு வேலையில்லை. அதனால்தான் மாதிரியைக் காதலிக்கக்கூடாது. ஒரு வருஷத்தில் பன்னிரண்டு மாதிரி செய்தேன். பதினொன்றை என் கையாலேயே எறிந்தேன். கண் கலங்கவில்லை.

— மூணாவதுக்குக் கண்ணும் மூக்கும் வரைஞ்சிருந்தீங்களே, சிரிக்கிற மாதிரி. அதைப் பார்த்துக் குழந்தைங்கல்லாம் வீல்னு கத்துச்சே. அதையுமா எறிஞ்சீங்க?

— எறிந்தேன்.

— ஏழாவதுக்கு ரெண்டு காது வெச்சிருந்தீங்க. உங்க வீட்டம்மா தைச்சுக் குடுத்தது.

— அதையும்தான். எதுக்குப் பழசையெல்லாம் கிளறுறீங்க? பன்னிரண்டாவதுதான் வெற்றி. எளிமையின் உச்சம்.

— உங்க வீட்டு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி சார் இது. வெள்ளிப் பெயின்ட் அடிச்சும் பின்பக்கம் 'இந்தப் பக்கம் மேலே'ன்னு அம்புக்குறி தெரியுது. எட்டு வாரமா அந்த அம்பைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன்.

— ஆனால் மக்கள் அதை இயந்திரம் என்று நம்பினார்கள்! அதுதானே சோதனை! வரிசை ஏன் இப்படி நீளுகிறது என்று அறிய ஒரு விசாரணை இயந்திரம் வைத்தால் மக்கள் அதனிடம் பேசுவார்களா, பேசினால் என்ன கேட்பார்கள்? நிஜ இயந்திரம் செய்வதற்கு முன்னால் ஒரு பெட்டியும் உள்ளே ஓர் ஆளும் வைத்துப் பார்த்துவிட்டோம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் திருப்தி. என் அறிக்கையைப் படித்தீர்களா?

— படிச்சேன் சார். 'இயந்திரத்தின் கனிவான குரல் பாராட்டுக்குரியது'ன்னு எழுதியிருக்கீங்க. ரொம்ப நன்றி.

— அது பொதுவா எழுதினது.

— இருக்கட்டும் சார். இருபத்திரண்டு வருஷத்துல யாரும் சொன்னதில்ல. அதை வெட்டி எடுத்து ஃப்ளாஸ்க்ல ஒட்டி வெச்சிருக்கேன். சார், ஒரு விஷயம் கேக்கலாமா? இப்போ நான் எங்கே போறது?

— உத்தரவு எழுதியாச்சு, இன்னும் அனுப்பல. கீழ்த்தளம். பழைய கோப்பு அறை.

— அங்கே ஜன்னல்கூடக் கிடையாது. ஒரு மனுஷக் குரல் கேக்காது. வாழ்க்கை பூரா மத்தவங்களோட பேசியே பொழைச்சவளைக் கொண்டுபோய் கோப்புக்கு நடுவுல வெச்சா எப்படி சார்? இங்கேயே ஒரு ஓரமா ஒரு மேஜை, ஒரு நாற்காலி போடுங்க. 'விசாரணை'ன்னு ஒரு பலகை. வர்றவங்களுக்கு நேர்லயே சொல்லிட்டுப் போறேன். பெட்டியும் வேணாம், மெஷினும் வேணாம்.

— அதில் புதுமை எங்கே இருக்கிறது?

— நாற்காலி புதுசா வாங்கிக்கலாம் சார்.

— விளையாடாதீங்க. ஒரு மேஜைக்கு எந்தத் தலைவி வந்து ரிப்பன் வெட்டுவாங்க? அதோ பாருங்க நிஜ இயந்திரத்தை. பளபளன்னு எஃகு. நாலு குரல்ல பேசும். அதுக்குப் பக்கத்துலதான் இந்தப் பெட்டி நிரந்தரமா நிக்கப்போகுது. கண்ணாடி அலமாரிகூட வந்தாச்சு.

— எது சார், அந்த ஆளுயரக் கண்ணாடி அலமாரியா? அதுக்குள்ள இந்த ஃபிரிட்ஜ் பெட்டியை வெக்கப்போறீங்களா?

— கீழே பித்தளைப் பலகை. 'எறியப்பட்ட மாதிரி. கருத்தும் ஆக்கமும்: இயக்குநர்.'

— எறிஞ்சதை எதுக்கு சார் கண்ணாடிக்குள்ள வெக்கணும்?

— எறிந்தோம் என்பதற்குச் சான்று வேண்டாமா?

— லைன்ல இருங்க சார், கொஞ்சம் யோசிச்சுக்கறேன்… சரி, புரியல. பெட்டி கண்ணாடிக்குள்ள போகட்டும். அப்போ என் நோட்டுங்க எங்கே?

— எந்த நோட்டு?

— என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? எட்டு வாரமும் யார் யார் என்னென்ன கேட்டாங்கன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சேனே. மூணு தடி நோட்டு. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போறப்போ பழுப்புத் தாள்ல சுத்தி உங்க மேஜைமேல வெச்சேன். மேலே 'முக்கியம்'னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டிருந்தேன்.

— பழுப்புத் தாளா… அதுல டீக்கறை இருந்துச்சா?

— பெட்டிக்குள்ள எங்கே சார் ஃப்ளாஸ்க்கைச் சாய்க்க முடியும்? கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

— தலைவி வர்றாங்கன்னு சனிக்கிழமை அறையைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். பழைய தாளெல்லாம்… போயிடுச்சு.

— போயிடுச்சா!

— கத்தாதீங்க.

— பெட்டியை எறிஞ்சிட்டு நோட்டை வெச்சிருக்கணும் சார். நீங்க நோட்டை எறிஞ்சிட்டு பெட்டியைக் கண்ணாடிக்குள்ள வெக்கிறீங்க!

— பதற்றம் வேண்டாம். இயந்திரத்துக்குள் ஒன்பதாயிரம் விடைகள் இருக்கின்றன.

— நோட்டு இல்லாம எந்தக் கேள்விக்கு சார் விடை போட்டீங்க?

— வல்லுநர்கள் மூன்று பேர். மேல்மாடியில், ஏசி அறையில், நான்கு நாள் உட்கார்ந்து மக்கள் என்ன கேட்பார்கள் என்று சிந்தித்தார்கள்.

— வாசல் வழியாத்தானே சார் மாடிக்குப் போயிருப்பாங்க? அந்த வரிசையில நின்ன ஒருத்தரை நிறுத்தி 'உங்களுக்கு என்ன வேணும்'னு கேட்டிருந்தா…

— அப்படிக் கேட்டால் சிந்தனை கலைந்துவிடும்.

— சரி சார். நானே இப்போ ஒரு ஆளுன்னு வெச்சுக்குங்க. உங்க மெஷின்கிட்ட கேக்கறேன். ஏம்ப்பா, சான்றிதழ்ல எங்கப்பா பேர் தப்பா இருக்கு. எந்த ஜன்னலுக்குப் போகணும்?

— வணக்கம். தங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியமானது. இந்த அலுவலகத்தின் நோக்கங்கள் ஐந்து. முதலாவது நோக்கம்…

— சார், நான் கேட்டது நோக்கம் இல்ல. ஜன்னல்.

— கொஞ்சம் தெளிவா கேளுங்க. இது நுட்பமான இயந்திரம். நான் கேக்கறேன் பாருங்க. இயந்திரமே! தந்தை பெயர் திருத்தம் எங்கே?

— தாங்கள் கேட்டது: தந்தை. இயக்குநரின் தந்தை ஓர் எளிய மனிதர். இயக்குநர் தமது இளமையில் பல இன்னல்களுக்கிடையே…

— அடேங்கப்பா. நல்லா இருக்கு சார். இதை யார் எழுதினது?

— வல்லுநர்கள் வற்புறுத்தினார்கள். நிறுத்து! இயந்திரமே, நிறுத்து!

— இரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே இயக்குநர்…

— ஐயோ, இப்படி ஆரம்பிச்சா கல்லூரி வரைக்கும் போகாம நிக்காதே!

— சுவர்ல பிளக் இருக்கு பாருங்க. பிடுங்கிடட்டுமா?

— பிடுங்குங்க! பிடுங்குங்க! அப்பாடா… டெலிபோன் அம்மா, மணி என்ன?

— பத்து முக்கால்.

— என் கதை முடிஞ்சுது. தலைவி சாதாரண ஆள் இல்லை. போன மாசம் பக்கத்து அலுவலகத்துல தானாத் திறக்கிற கதவுன்னு ஒண்ணு காட்டினாங்க. அது திறக்கல. அந்த அதிகாரி இப்போ எங்கே இருக்கார்னே தெரியல. பதவி உயர்வுக்கு என் பேர் மேலிடத்துக்குப் போயிருக்கு. இன்னைக்கு இது பேசலைன்னா… டெலிபோன் அம்மா, உங்களுக்கு அந்த நோட்டெல்லாம் ஞாபகம் இருக்கா?

— இந்த ஆபீஸ் நம்பர் நானூத்தி இருபதும் தலைகீழா சொல்லுவேன் சார். நான் எழுதின நோட்டு எனக்கு ஞாபகம் இல்லாமயா? மூணு நோட்டுலயும் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். அது என்னன்னா…

— புள்ளிவிவரம் அப்புறம்! உங்களால இந்த எஃகு இயந்திரத்துக்குள்ள போக முடியுமா? பின்னால ஒரு சின்னக் கதவு இருக்கு.

— அதுக்குள்ள என் ஃப்ளாஸ்க்தான் போகும்.

— அப்போ… அப்போ… இந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி அதுக்குப் பின்னால வெச்சுட்டா? நீங்க பெட்டிக்குள்ள உட்கார்ந்து முன்னால பேசினா?

— அது வெறும் மாதிரிப் பெட்டி ஆச்சே சார். கேள்வி ஆச்சே. விடை கிடைச்சதும் கேள்விக்கு வேலையில்லைன்னு இப்பத்தானே குறிச்சுக்கச் சொன்னீங்க?

— குத்திக் காட்டாதீங்க அம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்.

— மேஜை, நாற்காலி?

— போட்டுடலாம்.

— எழுத்துல.

— இந்த நேரத்துலயா! சரி, பேனா குடுங்க… 'டெலிபோன் பிரிவு ஊழியர் இன்று முதல் முன்கூடத்தில் விசாரணைப் பணிக்கு…' கையெழுத்தும் போட்டாச்சு. போதுமா?

— தேதி.

— தேதியும் போட்டாச்சு! பிடிங்க அந்தப் பக்கம். தூக்குங்க. மெதுவா, மூலை, மூலை!

— உங்க பையில என்ன சார் கிலுகிலுங்குது? குனியும்போதெல்லாம் சத்தம் வருது. தலைவி நிக்கும்போது கேட்டா அசிங்கம்.

— சாவி. சேமிப்பு அறைச் சாவி.

— எந்தச் சேமிப்பு அறை? இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு அறைக்கு நான் லைன் குடுத்ததே இல்லையே.

— புதுசா ஏற்படுத்தினது. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? உள்ளே போங்க. தலையணை இந்தாங்க. குரல் கேக்குமா?

— புனல் வழியா பேசறேன். ஆனா பிளக்கைப் பிடுங்கிட்டமே, மெஷின்ல விளக்கு எரியாதே?

— ஐயையோ, ஆமா. விளக்கு எரியலைன்னா நம்ப மாட்டாங்க.

— பதறாதீங்க. பின்பக்கமிருந்து என் டார்ச்சைப் பிடிச்சுக்கறேன். பேசும்போது மட்டும் அழுத்தறேன். என்ன சொல்லணும்னு சொல்லிடுங்க சார். ஏதாவது மாத்திப் பேசணுமா?

— ஒண்ணும் மாத்த வேண்டாம். எட்டு வாரமா ஜனங்ககிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படியே. உள்ளதை உள்ளபடி. அதுக்குத்தான் தொண்ணூற்றேழு பேர் திருப்தி.

— சரி சார். அந்த முதல் கேள்வியை மட்டும் நீங்க ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா நல்லது. ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறு பேரு ஒரே மாதிரி…

— கார் சத்தம்! வந்துட்டாங்க! பேசாதீங்க! …வாங்கம்மா, வாங்க, வணக்கம்! இந்தக் கூடமே இன்று…

— சரி சரி, வணக்கம். மூணு மணி நேரம் கார்லயே வந்திருக்கேன். வழியில எங்கயும் நிறுத்தல. சுருக்கமா முடிச்சிடலாம்.

— மனிதன் இதுவரை படைத்ததெல்லாம்…

— சுருக்கமா.

— எறிந்தோம். ஞானம் பெற்றோம். இதுதான் அந்த ஞானம், அம்மா. விசாரணை இயந்திரம்.

— நல்லா இருக்கு. பளபளன்னு இருக்கு. பக்கத்துல என்ன இது, கண்ணாடி அலமாரி? ஒண்ணுமே இல்லையே உள்ளே.

— அது… 'எறியப்பட்ட மாதிரி' அம்மா. பலகையில் எழுதியிருக்கிறது.

— காலியா இருக்கே.

— எறிந்துவிட்டால் காலியாகத்தானே அம்மா இருக்கும்?

— ம்ம். அதுவும் சரிதான். இதுவரைக்கும் யாரும் இப்படி நேர்மையா எனக்கு ஒண்ணும் காட்டினதில்ல. எத்தனை மாதிரி எறிஞ்சீங்க?

— பதினோரு மாதிரிகள், என் கையாலேயே. பன்னிரண்டாவதும் இன்று காலையோடு முடிந்தது. ஒவ்வொன்றும் ஆளுயரம். பிள்ளை மாதிரி வளர்த்தேன். எறியவேண்டிய நேரத்தில் எறிந்தேன்.

— பலே. என் ஆபீஸ்ல ஒரு உடைஞ்ச நாற்காலியை எறிய ஆறு வருஷமா கையெழுத்துக் கேட்டு அலையறேன். உங்களை மாதிரி மனசு உள்ளவங்கதான் மேலே வேணும். சரி, நான் இப்போ என்ன பண்ணணும்?

— ஒரு கேள்வி கேட்டாலே திறப்பு விழா முடிந்தது. தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று கேள்வியை இந்த அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

— 'இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணமானவர் யார்?' …இதையா நான் கேக்கணும்?

— ஒரு மரபுக்காகத்தான்…

— இதை வெச்சுக்குங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்கே அவசரமா ஒரு கேள்வி இருக்கு. ஏம்மா, மெஷினு… நான் பேசறது கேக்குதா?

— கேக்குதும்மா. லைன்லதான் இருக்கேன். சொல்லுங்க.

— அட! எவ்வளவு தன்மையா பேசுது! விளக்குகூட லேசா மினுக்குது. ஏம்மா, இங்கே பாத்ரூம் எங்கே இருக்கு?

— அதைத்தாம்மா எல்லாரும் கேக்கறாங்க. எட்டு வாரத்துல ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறு பேரு. நீங்க ரெண்டாயிரத்து முந்நூத்தி ஏழு. இடது பக்கமாப் போய், ஏழாம் ஜன்னலைத் தாண்டினா கடைசிக் கதவு. ஆனா போகாதீங்க.

— ஏம்மா?

— பூட்டியிருக்கும். ஒரு வருஷமா அப்படித்தான். ஜனங்கல்லாம் ரோட்டைத் தாண்டி எதிர்ல பெட்ரோல் பங்குக்குப் போறாங்க. திரும்பி வர்றதுக்குள்ள வரிசையில இடம் போயிடுது. மறுபடி பின்னால நிக்கறாங்க, மறுபடி போறாங்க. ஒரு நாள் வேலை மூணு நாளாகுது. வரிசை ஏன் நீளுதுன்னு கண்டுபிடிக்கத்தாம்மா இந்த மெஷினையே செஞ்சாங்க.

— அம்மா, இயந்திரம் கொஞ்சம் சூடாகியிருக்கும், நான் உடனே…

— நீங்க சும்மா இருங்க. அது ஒழுங்காத்தான் பேசுது. ஏம்மா, அந்தக் கதவுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?

— அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனா காலையிலேர்ந்து சார் பையில ஒரு சாவி கிலுகிலுங்குது. எந்த அறைக்குன்னு கேட்டேன். சொல்லல.

— இயக்குநர் சார்.

— அம்மா, அது… அது ஒரு தற்காலிகச் சேமிப்பு அறை…

— கதவுல என்ன எழுதியிருக்கு?

— 'பொதுமக்கள் கழிப்பறை' என்று… பழைய பலகை அம்மா, மாற்றச் சொல்லியிருக்கிறேன்…

— சாவியைக் குடுங்க.

— ஒரு நிமிஷம் அம்மா, நான் மட்டும் முதல்ல போய்…

— என்னால ஒரு நிமிஷம்கூட முடியாது. குடுங்க இப்படி.

— மெதுவாத் திறங்கம்மா. நான் செஞ்ச பதினொண்ணும் கதவுமேலதான் சாஞ்சிருக்கு.